மொட்டைமாடி டெலஸ்கோப்: 230 வோல்ட் கீழேயே இருக்கட்டும்

கும்மிடிப்பூண்டி, திருவள்ளூர் பக்கம் இருக்கிறவங்களுக்கான எபிசோடு இது. மோட்டார் மவுண்ட் வச்ச டெலஸ்கோப் வாங்கணும்னு ஆசை, ஆனா ரெண்டு சந்தேகம்: சிப்காட் வெளிச்சத்துல என்ன தெரியும்? கரன்ட் எங்கிருந்து எடுக்கிறது?

முதல் கேள்விக்குப் பதில் சுலபம். பால்வீதியை மறந்துடுங்க. நிலா, வியாழன், சனி மூணுமே நல்லா தெரியும். ஆனா பூமி சுத்துறதால வானம் 4 நிமிஷத்துக்கு 1 டிகிரி நகருது. 200 மடங்கு பெரிசாக்கிப் பார்த்தா, நடுவுல வச்ச சனி அரை நிமிஷத்துல ஓரத்துக்குப் போயிடும். அதைத் துரத்திப் பிடிக்கத்தான் மோட்டார்.

ஈக்வடோரியல் மவுண்ட்டா இருந்தா, அதோட ஒரு அச்சு பூமியோட அச்சுக்கு இணையா நிக்கணும். நம்ம ஊரு அட்சரேகை சுமார் 13 டிகிரி. அதனால அச்சு கிட்டத்தட்ட படுத்த மாதிரிதான் இருக்கும். ஜவ்வாது மலையில காவலூர் வைணு பாப்பு ஆய்வகத்துல 1986 முதல் இயங்குற 2.34 மீட்டர் டெலஸ்கோப்புக்கும் ஏறக்குறைய இதே சாய்வுதான்.

இதுல ரெண்டு சிக்கல் இருக்கு. ஒண்ணு, துருவ நட்சத்திரம் ரொம்பத் தாழ நிக்கும். 20 மீட்டர் தள்ளி, உங்க கண் மட்டத்தைவிட 5 மீட்டர் உயரமா ஒரு தண்ணி டேங்க் இருந்தாலே மறைச்சிடும். மாடியில வடக்குப் பக்கம் திறந்திருக்கிற மூலையைத் தேடுங்க. ரெண்டாவது, குளிர் நாடுகளை மனசுல வச்சு செஞ்ச சில மவுண்ட் இவ்வளவு தாழ இறங்காது. இறங்கினாலும் எடைத்தண்டு ஸ்டாண்ட் கால்ல இடிக்கலாம். வாங்குறதுக்கு முன்னாடியே கடையில கேட்டுடுங்க.

இப்போ கரன்ட். பெரும்பாலான சின்ன மவுண்ட் 12 வோல்ட் டிசியில ஓடும். நட்சத்திரத்தைப் பின்தொடரும்போது 1 ஆம்பியருக்குள்ள, வேகமாத் திரும்பும்போது 2, 3 ஆம்பியர் வரை இழுக்கும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸை மாடிக்கு இழுத்து அடாப்டர் போடலாம்னு தோணும். வேண்டாம். ராத்திரி பனியில தரை ஈரமாயிடும். ஈரத் தரையில 230 வோல்ட் உயிருக்கே ஆபத்து. அதோட கரன்ட் ஒரு நொடி போய் வந்தாலே மவுண்ட் ரீசெட் ஆகி, நீங்க செஞ்ச அலைன்மென்ட்டை மறந்துடலாம்.

அதனால பேட்டரியை மாடிக்குக் கொண்டு போங்க. யுபிஎஸ்ல வர்ற 12 வோல்ட், 7 ஏஹெச் பேட்டரியே ஆரம்பத்துக்குப் போதும். லெட் ஆசிட் பேட்டரியைப் பாதிக்கு மேல இறக்கக் கூடாது. அப்படிப் பார்த்தா சராசரி 1 ஆம்பியர் கணக்குல மூணு மணி நேரம் ஓடும். முழு ராத்திரி வேணும்னா 20 ஏஹெச் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பாருங்க. விலை அதிகம், எடை குறைவு.

ஒயரைக் கவனிங்க. 0.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் 5 மீட்டர் போட்டா, போக வர 10 மீட்டர் செம்பு. 3 ஆம்பியர் ஓடும்போது அதுலயே சுமார் 1 வோல்ட் போயிடும். பேட்டரியில 12 இருந்தாலும் மவுண்ட்டுக்கு 11தான் கிடைக்கும். டெலஸ்கோப் திரும்பும்போது திணறி நின்னா, மோட்டார் போச்சுன்னு முடிவு பண்ணாம முதல்ல இதைப் பாருங்க. 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயர், 2 மீட்டர் நீளம், இது போதும்.

பேட்டரி பாசிட்டிவ் முனைக்குப் பக்கத்துலயே 5 ஆம்பியர் ஃபியூஸ் கட்டாயம். பின்னோட நடு முனை பிளஸ்ஸா மைனஸான்னு மேனுவல்ல பார்த்து, மல்டிமீட்டர்ல சரிபார்த்துட்டுச் சொருகுங்க. மாத்திச் சொருகினா போர்டு போயிடலாம். ஃபியூஸ் ஹோல்டர், பின் எல்லாமே ரிச்சி ஸ்ட்ரீட்ல கிடைக்கும்.

மழைக்காலம் முடிஞ்சு ஜனவரியில வானம் தெளிய ஆரம்பிக்கும். அதுக்குள்ள பகல்லயே ஒரு தடவை எல்லாத்தையும் மாட்டி ஓட்டிப் பாருங்க. ஆனா டெலஸ்கோப் மூடியைக் கழட்டாதீங்க, சூரியன் பக்கம் திருப்பவே கூடாது. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.