பழைய பிக்கப் வண்டி ஏன் அடம்பிடிக்கின்றது?

எப்பொழுதும் இருக்கும் குற்றத்தைக் கண்டுபிடித்தல் எளிது. தோன்றித் தோன்றி மறையும் குற்றத்தைக் கண்டுபிடித்தலே அரிது. காய்ச்சல் விட்ட வேளையில் வைத்தியரிடம் சென்ற நோயாளியைப் போல, விடியற்காலையில் அசைய மறுத்த பிக்கப் வண்டி, கராஜ் வாசலை அடைந்ததும் முதல் திருப்பிலேயே இயங்கிவிடும். அங்குள்ளவரும் ஊகத்தினால் ஒரு புதிய பற்றரியைப் பூட்டி அனுப்பிவிடுவார். மூன்றாம் நாள் வண்டி மீண்டும் மௌனம் சாதிக்கும். பணமும் போய், குற்றமும் போகாமல் நிற்கும்.

இலங்கையில் 2020 ஆம் ஆண்டு நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, 2025 ஆம் ஆண்டிலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. புது வண்டி வாங்க இயலாத குடும்பங்கள் பல, இருக்கும் பழைய வண்டியையே பேணி வருகின்றன. தோட்டத்து வெங்காயம் சந்தை கூடுமுன் சென்றடைவதும், நள்ளிரவில் நோயுற்றவர் ஆஸ்பத்திரியை அடைவதும் அந்த வண்டியின் ஒரு திருப்பிலேயே தங்கியிருக்கின்றன. ஆகவே, அதன் நாடியைப் பார்க்கும் முறையை வீட்டிலுள்ள அனைவரும் அறிந்திருத்தல் நன்று.

இரண்டு பாதைகள்

முற்காலத்தில் கைபிடியை முன்னே செருகிச் சுழற்றியே மோட்டார் வண்டியை இயக்கினர். அமெரிக்கரான சாள்ஸ் கெற்றறிங் அமைத்த மின் ஸ்டாட்டர், 1912 ஆம் ஆண்டுக் கடிலாக் வண்டிகளில் பொருத்தப்பட்டதன் பின்னர் அக்கைபிடி மெல்ல மறைந்தது.

இவ்வமைப்பில் மின்னோட்டத்திற்கு இரண்டு பாதைகள் உண்டு என்பதை மாணவர்கள் மனத்திற் கொள்ள வேண்டும். திறப்பைத் திருப்பும்போது சிறிய மின்னோட்டமொன்று ஸ்டாட்டரின் மீதுள்ள வரிச்சுருளுக்குச் செல்கின்றது. அது காந்தமாகி உள்ளேயிருக்கும் தண்டை இழுக்க, தண்டின் செப்புத் தட்டு இரண்டு செப்புத் துண்டுகளை ஒருங்கே தொட்டுப் பெரிய பாதையை மூடுகின்றது. உடனே நூறு அம்பியருக்கும் மேற்பட்ட மின்னோட்டம் தடித்த கம்பிவழியே பாய்ந்து இயந்திரத்தைச் சுழற்றுகின்றது. குற்றம் சிறிய பாதையிலா, பெரிய பாதையிலா என்று பிரித்தறிந்தால் பாதி வேலை முடிந்தது எனலாம்.

முதலில் செவி, பின்னர் கை

வண்டி மறுக்கும் அக்கணத்திலேயே அது சொல்வதைக் கேட்க வேண்டும். இரவாயின் முன் விளக்கை ஏற்றிவிட்டுத் திறப்பைத் திருப்புதல் இன்னும் நன்று.

விளக்கு மங்க, "டிக் டிக் டிக்" என்று விரைவாக ஒலி எழுமாயின், பற்றரி வலுவிழந்துள்ளது. அல்லது அதன் முனைகளில் பிடிப்புச் சரியில்லை. விளக்கு முற்றாக அணைந்துவிடின், முனைகளையே முதலிற் சந்தேகிக்க வேண்டும். விளக்குச் சற்றும் மங்காமல் ஒலியும் எழாதிருந்தால், குற்றம் சிறிய பாதையில் உள்ளது: திறப்பு ஆளி, ரிலே, மெல்லிய கம்பியின் இணைப்பு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். விளக்கு ஒளியோடு நிற்க, "டக்" என்று ஒரேயொரு கனத்த ஒலி மட்டும் கேட்டால், குற்றம் பெரும்பாலும் ஸ்டாட்டரின் உள்ளேதான். இயந்திரம் நன்றாகச் சுழன்றும் பற்றிக்கொள்ளாவிடின், ஸ்டாட்டர் குற்றமற்றது. எரிபொருளையோ, பெற்றோல் வண்டியாயின் தீப்பொறியையோ தேட வேண்டும்.

எண்கள் பொய் சொல்லா

மலிவான மல்ரிமீற்றர் ஒன்று போதும். ஓய்ந்திருக்கும் நல்ல பற்றரி 12.6 வோல்ற்றுக் காட்டும். 12 வோல்ற்றுக்குக் குறையின் அது ஏறக்குறைய வெறுமையாயிற்று. ஸ்டாட்டர் சுழலும்போது அளவு 9.6 வோல்ற்றுக்குக் கீழே இறங்கலாகாது. இயந்திரம் ஓடும்போது 14 வோல்ற்றளவில் நில்லாவிடின், பற்றரியைக் குறைகூறிப் பயனில்லை. அதற்கு உணவூட்டும் ஓல்டனேற்றரையே ஆராய வேண்டும்.

பற்றரி நலமாயினும் கம்பிகள் வழியிற் களவு செய்யலாம். பாடசாலையிற் கற்ற ஓமின் விதி இங்கே உதவுகின்றது. துருவேறிய ஓர் இணைப்பில் 0.02 ஓம் தடை இருப்பதாகக் கொள்வோம். கண்ணுக்குத் தெரியாத இச்சிறு தடையினூடாக 150 அம்பியர் பாயும்போது 3 வோல்ற்று அங்கேயே இழக்கப்படுகின்றது. பன்னிரண்டில் மூன்று போனால் ஸ்டாட்டர் எவ்வாறு சுழலும்? ஒருவர் திறப்பைத் திருப்ப, மற்றவர் மீற்றரின் ஒரு முனையைப் பற்றரியின் நேர்முனையிலும் மறுமுனையைக் கம்பி வந்துசேரும் ஸ்டாட்டரின் பெரிய ஆணியிலும் வைத்துப் பார்க்க வேண்டும். அரை வோல்ற்றுக்கு மேல் காட்டினால் அக்கம்பியிலே குற்றமுண்டு. அவ்வாறே மறைமுனைக்கும் ஸ்டாட்டரின் உடலுக்குமிடையே 0.2 வோல்ற்றளவை மிஞ்சலாகாது. பழைய வண்டிகளில் இந்தத் தரை இணைப்பே பலரும் மறக்கும் இடமாகும்.

இரண்டு செப்புத் துண்டுகள்

ஒற்றை "டக்" ஒலியோடு நிற்கும் நோயைச் சிறிது விரிவாகக் காண்போம். 1980களிலும் 1990களிலும் வந்த ஜப்பானியப் பிக்கப் வண்டிகள் பலவற்றில் இது நன்கு அறியப்பட்டது. மேலே கூறிய செப்புத் துண்டுகள் ஒவ்வொரு முறையும் எழும் பொறியினால் சிறிது சிறிதாகத் தேய்கின்றன. இரண்டும் ஒரே அளவாகத் தேய்வதில்லை. தட்டு ஒன்றைத் தொட்டு மற்றதைத் தொடாது நின்றால் மின்னோட்டம் செல்லாது. அடுத்த முறை தட்டுச் சற்றே திரும்பி அமர்ந்தால் வண்டி இயங்கிவிடும். குற்றம் வந்து மறைவதன் இரகசியம் இதுவே.

இதனை உறுதிப்படுத்தலும் எளிது. "டக்" என்று ஒலிக்கும்போது, பற்றரிக் கம்பி சேரும் ஆணியில் 12 வோல்ற்றளவும், மோட்டாருக்குச் செல்லும் மற்ற ஆணியில் ஒன்றுமில்லாமலும் இருந்தால், செப்புத் துண்டுகள் தேய்ந்துவிட்டன. இரண்டிலும் மின் இருந்தும் சுழலாவிடின், உள்ளேயுள்ள காபன் பிறஷ்கள் தேய்ந்திருக்கலாம். முழு ஸ்டாட்டரை மாற்றும் செலவோடு ஒப்பிட்டால், இத்துண்டுகளின் விலை மிகச் சொற்பம்.

சில எச்சரிக்கைகள்

சோதனைக்கு முன் கியரை நடுநிலையில் வைத்துக் கைத்தடையை இறுக்குக. பற்றரியிலிருந்து ஐதரசன் வாயு வெளிவருவதால் அருகே தீயும் புகைத்தலும் ஆகா. மோதிரம், காப்பு முதலியவற்றைக் கழற்றிவிடுக. கம்பிகளைக் கழற்றும்போது மறைமுனையை முதலிலும், பூட்டும்போது அதனை இறுதியிலும் கவனிக்க. முனைகளிற் படிந்த வெண்பொடியை, கம்பிகளைக் கழற்றிய பின்னர் அப்பச்சோடா கரைத்த வெந்நீரால் கழுவலாம். அந்நீர் பற்றரியின் உள்ளே செல்லலாகாது.

இவையனைத்தினும் மேலானது ஒரு சிறு குறிப்புப் புத்தகம். வண்டி மறுத்த நாள், நேரம், மழையா வெயிலா, இயந்திரம் சூடா குளிரா, எழுந்த ஒலி யாது என்பவற்றை வீட்டிலுள்ள மாணவர் ஒருவர் எழுதி வரட்டும். பத்து வரிகள் சேர்ந்தபின் அப்புத்தகத்தைக் கராஜுக்குக் கொண்டுசெல்லுங்கள். அங்கே வண்டி நல்ல பிள்ளையாக நடித்தாலும், ஏடு உண்மையைச் சொல்லிவிடும்.