மறுமொழிக்கும் நேரம் உண்டா?

சென்ற மாதம் நான் ஒரு தவறு செய்தேன். மயூர் விஹாரில் எங்கள் அறையில் ஞாயிறுதோறும் மாலையில் தமிழ் மாணவர் பத்துப் பன்னிருவர் கூடி விஞ்ஞானம் பேசுவது வழக்கம். அன்று தலைமை என்னுடையது. ஓக்லா அணையருகே யமுனையில் மிதக்கும் வெண்ணுரை எப்படி உண்டாகிறது என்று முதலாண்டு மாணவர் ஒருவர் பேசினார். வீடுகளிலிருந்து வரும் சோப்பு நீரே காரணம் என்றார். மூத்தவர் ஒருவர் எழுந்து கேலியோடு மறுத்தார். அவை சிரித்தது. தம்பி மறுமொழி கூற எழுந்தார். நானோ கடிகாரத்தைக் காட்டி, "நேரமாகிவிட்டது, உட்காருங்கள்" என்றேன். விதிப்படி அது சரிதான். அதன்பின் மூன்று ஞாயிறுகள் அவரைக் காணோம்!

விதிகள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பேச்சுக்கு வரம்பு, பொருளை விட்டு விலகாமை, ஆளை விடுத்துக் கருத்தைத் தாக்குதல், சான்று காட்டுதல் ஆகியவை இல்லாத அவையில் உரத்த குரலே உண்மையாகிவிடும். ஆனால் இவையெல்லாம் இருந்தும் அவை தவறலாம். நம்மவர் ஒருவருக்கே அது நேர்ந்தது.

சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று 1930-இல் கேம்பிரிட்ஜ் சென்றவர் சுப்பிரமணியன் சந்திரசேகர். 1935 ஜனவரி 11 அன்று, லண்டன் அரச வானியற் கழகத்தில் தம் ஆய்வை எடுத்துரைத்தார். அப்போது அவருக்கு வயது 24. எரிபொருள் தீர்ந்த விண்மீன் ஒரு நிறை வரம்பைத் தாண்டினால் வெண்குள்ளனாக அடங்கி நிற்க முடியாது என்பது அவர் முடிவு. அந்த வரம்பு கதிரவனைப் போல் ஏறத்தாழ 1.4 மடங்கு என இன்று அறிவோம். வழக்கமான பதினைந்து நிமிடத்துக்குப் பதில் அவருக்கு அரைமணி கிடைத்தது. அதைக் கேட்டு வாங்கித் தந்தவர் எடிங்டன்! அதே எடிங்டன்தான் அடுத்து எழுந்து, விண்மீன் இப்படி அபத்தமாக நடந்துகொள்ளாதபடி தடுக்க இயற்கையில் விதி இருந்தாக வேண்டும் என்றார். அவையில் சிரிப்பு. எடிங்டனின் வாதங்களை நன்கு ஆராய்ந்த பின்னரே விவாதிக்க இயலும் என்று கூறித் தலைவர் முடித்துவிட்டார். சந்திரசேகருக்கு மறுமொழி கூற வாய்ப்பே இல்லை. அதே ஆண்டு பாரிஸ் மாநாட்டிலும் அதுவே நடந்தது.

நேர விதி மீறப்பட்டதா? இல்லை. பேச்சு பொருளை விட்டு விலகியதா? அதுவும் இல்லை. பௌலி போன்ற அறிஞர்கள் தனிமையில் சந்திரசேகரே சரி என்றனர். வெளியே சொல்ல முன்வரவில்லை. 1939-இல் ஒரு நூலில் அனைத்தையும் எழுதிவைத்துவிட்டு அவர் வேறு துறைக்குத் திரும்பினார். நோபல் பரிசு வந்தது 1983-இல். (எடிங்டனோடு அவர் நட்பு முறியவில்லை என்பதுதான் எனக்குப் பெரிய வியப்பு.) பின்னர், 1952 முதல் 1971 வரை புகழ்பெற்ற வானியற்பியல் ஏடொன்றின் ஆசிரியராக, பிறர் கட்டுரைகளை ஏற்கவும் மறுக்கவும் வேண்டிய இருக்கையில் அவரே அமர்ந்தார்.

தலைவர் நீதிபதி அல்லர். எது உண்மை என்பதைக் கணக்கும் சோதனையும் தீர்க்கட்டும். கேள்வியும் மறுமொழியும் இரண்டும் நடந்தேற வழிவிடுவதே தலைவர் வேலை. நான் கடிகாரத்தைக் காத்தேன்; வழியை அடைத்தேன்.

போன சனிக்கிழமை அந்தத் தம்பியின் அறைக்குப் போனேன். தேநீர் போட்டுக் கொடுத்தார். வருத்தம் தெரிவித்தேன். "இல்லை அண்ணா, அணையில் நீர் விழும் வேகமும் நுரையைக் கிளப்புகிறது. அதை விட்டுவிட்டேன். என் பிழையை ஒப்புக்கொள்ளத்தான் அன்று எழுந்தேன்" என்றார்.

வருகிற ஞாயிறு முதல் பத்து நிமிடம் அவருடையது.