ரேடியேட்டரில் தண்ணீர் குறைகிறதா? உஷார்!

ஊற்றிக்கொண்டே இருந்தால் என்ஜினுக்கு ஆபத்து
ஒழுகும் இடத்தைக் கண்டுபிடிக்க எளிய வழி

சென்னை, மே 6-

அக்னி நட்சத்திர வெயில் கொளுத்துகிறது. மனிதர்களுக்கு மட்டும் அல்ல, கார்களுக்கும் இது கஷ்ட காலம்தான்.

அண்ணா சாலையிலும், கிண்டி கத்திப்பாரா பக்கத்திலும் போனெட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு, ஆவி பறக்க நிற்கும் கார்களை இந்த மாதத்தில் பார்க்கலாம். டிரைவர் பக்கத்து டீக்கடைக்கு ஓடுவார். "அண்ணே, வண்டி சூடாயிடுச்சு. கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?" என்பார். வாங்கி ஊற்றுவார். வண்டி கிளம்பிவிடும். "சரியாப் போச்சு" என்று நிம்மதியாகப் போய்விடுவார்.

ஆனால் எதுவும் சரியாகவில்லை. ஆபத்தே இனிமேல்தான்!

எங்கே போகிறது?

என்ஜினைச் சுற்றி ஓடும் தண்ணீர், பெட்ரோலைப் போல எரிந்து தீரும் பொருள் அல்ல. என்ஜினின் சூட்டை வாங்கிக்கொண்டு ரேடியேட்டருக்கு வரும். அங்கே காற்று பட்டு ஆறும். மறுபடியும் என்ஜினுக்கே போகும். சுற்றிச் சுற்றி வருவது அதே தண்ணீர்தான்.

அது அடிக்கடி குறைகிறது என்றால், எங்கேயோ ஒழுகுகிறது என்று அர்த்தம். ஊற்றுவது வைத்தியம் ஆகாது. ஓட்டையைக் கண்டுபிடிப்பதுதான் வைத்தியம்.

அம்பாசிடர், பத்மினி கார்கள் ஓடிய காலத்தில், காலையில் வண்டி எடுக்கும் முன்பு ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்ப்பது டிரைவர்களின் பழக்கம். அம்பாசிடர் உற்பத்தி 2014-ம் ஆண்டில் நின்றுபோனது. அந்தப் பழக்கமும் பலரிடம் கூடவே போய்விட்டது.

இப்போதைய கார்களில் மூடியைத் திறக்க வேண்டிய வேலைகூட இல்லை. போனெட்டுக்குள் பிளாஸ்டிக் டப்பா ஒன்று இருக்கும். அதில் மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு. என்ஜின் ஆறி இருக்கும்போது தண்ணீர் இரண்டு கோடுகளுக்கும் நடுவில் நிற்க வேண்டும். வாரம் ஒரு முறை பார்த்தால் போதும்.

மூடியில் கை வைக்காதீர்

முதலில் ஓர் எச்சரிக்கை. சூடாக இருக்கும் என்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது.

சாதாரணமாகத் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். ஆனால் ரேடியேட்டர் மூடி உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைக்கிறது. பல கார்களில் இது சுமார் 1 கிலோ அளவு. இந்த அழுத்தத்தில் 120 டிகிரி வரைகூட தண்ணீர் கொதிக்காமல் அடங்கி இருக்கும். மூடியைத் திருகியதும் அழுத்தம் போய்விடும். அத்தனை தண்ணீரும் ஒரே நொடியில் கொதித்து, முகத்திலும் மார்பிலும் பீய்ச்சி அடிக்கும். அப்புறம் ஆஸ்பத்திரிதான்.

மேலே உள்ள ரப்பர் ஹோஸ் கைக்குச் சில்லென்று ஆகும் வரை காத்திருக்க வேண்டும். பிறகு கனமான துணியைப் போட்டு, மெதுவாகத் திருக வேண்டும்.

பழைய பேப்பர் போதும்

சோதனைக்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். இரவில் காரை நிறுத்தும்போது, முன்பக்கம் அடியில் பழைய பேப்பரை விரித்து வையுங்கள். காலையில் பாருங்கள்.

பச்சை, ரோஸ், ஆரஞ்சு என்று கலர் கறை இருந்தால், அது கூலண்ட். ஒழுகல் உறுதி. கறுப்பாக, பிசுபிசுப்பாக இருந்தால் ஆயில். நிறமே இல்லாத வெறும் தண்ணீர் என்றால், ஏ.சி.யில் இருந்து சொட்டியதாக இருக்கலாம். அதற்குப் பயம் வேண்டாம். ஆனால் ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் மட்டும் ஊற்றி ஓட்டுகிறவர்கள், டப்பாவில் அளவு குறைந்திருக்கிறதா என்றும் பார்த்துவிட வேண்டும்.

அடுத்து, ஆறிய என்ஜினில் டார்ச் அடித்துப் பாருங்கள். ஹோஸ்களைக் கையால் அமுக்கினால் வெடிப்பு, வீக்கம் தெரியும். ஹோஸ் முனையில் உள்ள கிளிப் தளர்ந்திருக்கிறதா? வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்புப் பூத்திருக்கிறதா? அப்படிப் பூத்த இடத்தில்தான் தண்ணீர் கசிந்து காய்ந்திருக்கிறது.

ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டியும் அலுமினியமும் சேரும் விளிம்பு, வாட்டர் பம்பின் அடியில் உள்ள சின்ன துவாரம், மூடியின் ரப்பர் இவையும் ஒழுகும் இடங்கள். காருக்குள் கால் வைக்கும் இடம் ஈரமாகி, இனிப்பு வாசனை வந்தால், ஹீட்டரில் ஓட்டை இருக்கலாம்.

இதைப் பார்க்கும்போது பேன் பக்கம் விரலை விடாதீர்கள். எலெக்ட்ரிக் பேன், என்ஜின் நின்ற பிறகும் திடீரென்று சுற்றும்.

உள்ளே ஒழுகினால்?

வெளியே ஒரு சொட்டும் இல்லை, ஆனாலும் தண்ணீர் குறைகிறதா? உடனே ஒர்க்‌ஷாப்புக்குப் போக வேண்டும். மூடி இருக்கும் இடத்தில் கைப்பம்பு ஒன்றை மாட்டி அழுத்தம் ஏற்றுவார்கள். முள் அப்படியே நின்றால் நல்லது. இறங்கினால், ஒழுகல் இருக்கிறது.

முள் இறங்கியும் வெளியே ஈரம் இல்லை என்றால், ஹெட் கேஸ்கெட் போய் தண்ணீர் என்ஜினுக்குள்ளேயே இறங்கலாம். ஆயில் பால் காபி நிறத்துக்கு மாறுவதும், சைலன்சரில் வெள்ளைப் புகை நிற்காமல் வருவதும் இதற்கு அடையாளம். இந்த நிலையில் வண்டியை ஓட்டாமல், கட்டி இழுத்துப் போவதே புத்திசாலித்தனம்.

மஞ்சள்தூள் வைத்தியம்

ஓட்டையை அடைக்க ரேடியேட்டரில் மஞ்சள்தூள் கொட்டுவது பழைய டிரைவர்களின் கைவைத்தியம். அவசரத்துக்கு வீடு போய்ச் சேரலாம். ஆனால் அந்தத் தூள், ஓட்டையோடு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் அடைத்துவிடும். பிறகு ஒழுகாமலே வண்டி கொதிக்கும்.

போர் தண்ணீரும் வேண்டாம். உப்புப் படிந்து குழாய் அடைபடும். கார் கம்பெனி சொல்லும் கூலண்ட்தான் சரி. அதைத் தண்ணீர் கலந்து ஊற்ற வேண்டும் என்றால், டிஸ்டில்டு வாட்டர் வாங்கிக் கலக்க வேண்டும். பெரும்பாலான கூலண்ட் இனிப்பாக இருக்கும், ஆனால் விஷம். குழந்தைகள் கையில் எட்டும்படி வைக்காதீர்கள். கூல்டிரிங்ஸ் பாட்டிலில் ஊற்றி வைக்கவே கூடாது.

வழியில் முள் ஏறினால்

ஓடும்போது சூடு காட்டும் முள் ஏறினால், ஏ.சி.யை அணைத்து, ஓரம் கட்டி, என்ஜினை நிறுத்திவிட வேண்டும். "இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தானே, போயிடலாம்" என்ற எண்ணம்தான் என்ஜினைக் கொல்கிறது. கொதிக்கும் என்ஜின் மேல் பச்சைத் தண்ணீரைக் கொட்டினால் உலோகம் விரிசல் விடலாம்.

ஹோஸ், கிளிப், மூடி ஆகியவை சின்ன செலவு. மாற்றுவதும் சின்ன வேலை. கவனிக்காமல் விட்டு சிலிண்டர் ஹெட் வளைந்துவிட்டால், என்ஜினையே இறக்க வேண்டி வரும். சொந்தக் காருக்கு அது பணச் செலவு. கடன் வாங்கி டாக்சி ஓட்டுகிறவருக்கோ, வண்டி ஒர்க்‌ஷாப்பில் கிடக்கும் ஒவ்வொரு நாளும் வருமானம் இல்லை. தவணை மட்டும் நிற்காது.