எப்படிக் கூட்டினாலும் பதினேழு

நான்கு ஏ4 தாள்களை அடுக்கி, நடுவில் மடித்து, முதுகில் இரண்டு ஸ்டேப்ளர் பின் அடியுங்கள். பதினாறு பக்கப் புத்தகம் தயார். பக்க எண்களை வரிசையாக எழுதிவிட்டு, பின்னைக் கழற்றித் தாள்களைப் பிரித்துப் பாருங்கள். வெளித்தாளின் ஒரு புறம் 16-உம் 1-உம் அக்கம்பக்கமாக இருக்கும். மறுபுறம் 2, 15. உள்தாளின் நடுவே 8, 9. எந்தத் தாளின் எந்தப் புறத்தைக் கூட்டினாலும் விடை 17.

காரணம் எளிது. முன்னாலிருந்து ஒரு பக்கம் உள்ளே நகரும்போது, பின்னாலிருந்தும் ஒரு பக்கம் உள்ளே வருகிறது. ஓர் எண்ணில் ஒன்று கூடினால் மற்றதில் ஒன்று குறைகிறது.

காமிக்ஸ் வரைந்து, தானே அச்சிட்டு, விழாவில் முதன்முறையாகக் கடை விரிக்கப் போகிறவருக்கு இந்தக் கணக்கு உயிர்நாடி. மூன்றாம் பக்கத்தில் தொடங்கும் மழையும் பதினான்காம் பக்கத்தில் வடியும் வெள்ளமும் ஒரே தாளில் பக்கத்துவீட்டுக்காரர்கள். வரிசை தவறினால் நாயகன் பிறக்கும் முன்பே இறந்துபோவான். கதை பதினேழாம் பக்கத்துக்கு வழிந்தால் இன்னொரு தாள் சேர்க்க வேண்டும். அது நான்கு பக்கங்களைக் கொண்டுவரும். அந்த நான்கையும் கதை நிரப்பியாக வேண்டும்.

இப்படிப்பட்ட சொந்த வெளியீடுகளின் பெருஞ்சந்தை டோக்கியோவில் நடக்கும் காமிகெட். 1975 டிசம்பர் 21 அன்று 32 குழுக்களோடும் சுமார் 700 பேரோடும் அது தொடங்கியது. 2019 டிசம்பரில் நான்கு நாட்களில் வந்தவர்கள் சுமார் 7.5 லட்சம் பேர். அங்கே ‘வாடிக்கையாளர்’ என்று யாரும் இல்லை. விற்பவர், வாங்குபவர், தொண்டர் எல்லோருக்கும் ‘பங்கேற்பாளர்’ என்றே பெயர். ஜப்பானியப் புத்தகம் வலமிருந்து இடமாகப் படிக்கப்படுவதால் 1-உம் 16-உம் இடம் மாறி அமரும். கூட்டுத்தொகை அங்கும் 17-தான்.

அறுபது பிரதி போதும் என்கிறவருக்கு அச்சு எப்படிக் கட்டுப்படியாகிறது? ஆஃப்செட்டில் தகடு செய்து இயந்திரத்தைத் தயார்செய்யும் செலவு, அறுபதுக்கும் ஆறாயிரத்துக்கும் ஏறக்குறைய ஒன்றே. அறுபதில் அதைப் பங்கிட்டால் ஒவ்வொரு பிரதியின் தலையிலும் பெரும் சுமை. இங்கே கைகொடுக்கும் கருவிகளில் ஒன்று, ஜப்பானிலேயே பிறந்த ரிசோகிராஃப். நம் பள்ளிகளில் தேர்வுத்தாள் அடித்த சைக்ளோஸ்டைலின் வாரிசு இது. அதில் தட்டச்சு எழுத்து மெழுகுத்தாளைக் குத்தும். குத்திய இடத்தில் மை கசியும். இதில் நுண்ணிய சூட்டுமுனைகள் மெல்லிய படலத்தில் துளைகள் இடுகின்றன. படலம் உருளையைச் சுற்றிக்கொள்ள, உள்ளிருக்கும் மை துளை வழியே தாளில் இறங்குகிறது. ஓர் உருளைக்கு ஒரே நிறம். இரண்டு நிறம் வேண்டுமானால் தாள் இருமுறை உருளைக்கு அடியில் போய்வர வேண்டும். இரண்டாம் முறை மயிரிழை நகர்ந்தால், மஞ்சள் விளக்கின் ஓரத்தில் நீலம் எட்டிப் பார்க்கும்.

கறுப்பு மை மட்டும் இருந்தால் சாம்பல் நிற மேகம் எப்படி வரும்? சின்னச் சின்னக் கரும்புள்ளிகளாக. 30 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்துப் படிக்கும்போது, சுமார் 0.09 மில்லிமீட்டருக்கும் நெருக்கமான புள்ளிகளை நம் கண்ணால் பிரித்தறிய முடிவதில்லை. புள்ளியையும் வெள்ளையையும் குழைத்து அது சாம்பலாக்கிவிடுகிறது. சற்றுப் பெரிய புள்ளிகளாக இருந்தாலும் மனம் மேகத்தைத்தான் பார்க்கிறது. அந்தச் சாம்பல் தாளில் இல்லை, படிப்பவரிடம் இருக்கிறது.

புதியவருக்குக் காமிகெட்டில் கிடைப்பது அரை மேசை: அகலம் 90 சென்டிமீட்டர், ஆழம் 45. மடித்த ஏ4, அதாவது ஏ5, 14.8-க்கு 21 சென்டிமீட்டர். வரிசைக்கு ஆறாக இரண்டு வரிசை, மொத்தம் பன்னிரண்டு புத்தகம் பரப்பினால் மேசை நிறைந்துவிடும். மாதக்கணக்கான உழைப்புக்கு அவ்வளவுதான் இடம். கதவு திறக்குமுன் மாதிரிப் பிரதி ஒன்றைத் தொண்டர்களிடம் தர வேண்டும். பிறகு விழா தொடங்கியதாக ஒலிபெருக்கி அறிவிக்க, அரங்கமே கைதட்டுகிறது.

கைதட்டல் ஓய்ந்ததும் முகம் தெரியாத ஒருவர் வந்து, புத்தகத்தை எடுத்துப் புரட்டுவார். பின் அடித்த நடுத்தாளில், எட்டுக்கும் ஒன்பதுக்கும் இடையே அவர் விரல் நிற்கும். மேசைக்கு இந்தப்புறம் இருப்பவர், தான் புள்ளி புள்ளியாக வைத்த மேகம் அந்தக் கண்களில் திரள்வதை அங்கேயே நின்று பார்க்கலாம்.