கயிற்றின் இரு முனைகள்: கிளைடர் ஏற்றலில் சைகைமொழியும் பாதுகாப்பும்

முல்லைத்தீவுக் கடற்கரையிற் கரைவலை இழுப்பதைக் கண்டவர்கள் ஓர் உண்மையை அறிவர். வலையின் இரு கயிறுகளும் ஒத்த வேகத்திற் கரையேற வேண்டும். ஒரு பக்கம் முந்தினால் வலை கோணும், மீன் தப்பும். அவ்வொழுங்கைக் காப்பது அம்பாப் பாட்டு. கூட்டுழைப்பின் இயக்கத்திலிருந்தே சந்தம் பிறக்கின்றது என்று கார்ல் பூஹர் 1896இல் வெளியிட்ட ‘உழைப்பும் சந்தமும்’ என்னும் நூலில் வாதிட்டார். ஆயின் கரைவலை இழுப்போர் ஒருவர் குரலை ஒருவர் கேட்கக் கூடியவர்கள். ஒரே கயிற்றிற் பிணைக்கப்பட்ட இருவர் ஒருவரையொருவர் கேட்க இயலாதவிடத்து, அவர்களிடையே மொழி எவ்வாறு அமைகின்றது?

இவ்வினாவுக்கு விடை தரும் தொழிற்களங்களுள் ஒன்று கிளைடர் ஏற்றல். வானூர்தி என்றதும் போரே நினைவுக்கு வரும் வன்னியில் இவ்விளையாட்டு அந்நியமாகத் தோன்றலாம். கிளைடர் எஞ்சின் இல்லாத வானூர்தி. மேலெழும் வெப்பக் காற்றைப் பற்றிப் பறப்பது. அதனை முதலில் உயரத்துக்குக் கொண்டு சேர்ப்பதற்கு, எஞ்சின் பூட்டிய இழுவிமானமொன்று ஏறத்தாழ அறுபது மீற்றர் நீளமான கயிற்றினால் இழுத்துச் செல்லும். முன்னே செல்லும் விமானி பின்னால் வருபவரைச் சிறு கண்ணாடியிலேயே காண்கிறார். வானொலி உண்டு, எனினும் அது பழுதுபடலாம், அலைவரிசையிற் பல குரல்கள் மோதலாம். ஆதலால் விமானத்தின் உடலே மொழியாகின்றது.

இம்மொழியின் சொற்கள் மிகச் சில. இழுவிமானம் தன் இறக்கைகளை இருபுறமும் ஆட்டினால், ‘உடனே கயிற்றை விடு’ என்பது பொருள். அது கட்டளை, விவாதத்துக்கு இடமில்லை. வாற்சுக்கானை மட்டும் அசைத்தால், ‘உன் ஊர்தியில் ஏதோ பிழையுண்டு, வேகத்தடைத் தகடுகள் திறந்துள்ளனவா என்று பார்’ என்பது பொருள். கயிற்றை விடுவிக்க முடியாத கிளைடர், இடப்புறம் விலகிச் சென்று இறக்கைகளை ஆட்டி அதனை உணர்த்தும். அப்போது முன்னவர் தம் முனையில் விடுவிப்பார்.

முதலிரு சைகைகளையும் ஒன்றென மயங்குவது உயிராபத்தானது. தகடுகள் திறந்த நிலையில், நிலத்துக்கு அண்மையில், சுக்கான் அசைவைக் கண்டு கயிற்றை விடுபவர், விரைந்து தாழும் ஊர்தியோடு தனித்து விடப்படுகிறார். அவ்வாறான விபத்துகள் பதிவாகியுள்ளன. குறியும் பொருளும் இயல்பாகப் பிணைந்தவையல்ல, சமூக உடன்பாட்டினாலேயே பிணைகின்றன என்ற மொழியியல் உண்மை இங்கு உயிர்விலை பெறுகின்றது.

எதிர்த்திசை ஆபத்தும் உண்டு. பின்னால் வரும் கிளைடர் அளவுக்கு மீறி மேலெழுந்தால், கயிறு இழுவிமானத்தின் வாலை உயர்த்தி, மூக்கை நிலம்நோக்கித் திருப்பிவிடும். சில விநாடிகளில் நிகழும் இதனைத் தாழ்ந்த உயரத்திற் சமாளித்தல் அரிது. கயிற்றின் முனையில் வேண்டுமென்றே வலுக்குறைவாக அமைக்கப்படும் இணைப்பு, அளவுமீறிய இழுப்பில் அறுந்துபோகவே உள்ளது. எனினும் அதனை மட்டும் நம்பியிருத்தல் தகாது. இவ்விபத்தை அத்துறையினர் ‘பட்டமாதல்’ என்னும் பொருள்பட வழங்குவது மனங்கொள்ளத்தக்கது.

பட்டத்தின் இழுவிசை நமக்குப் புதிதன்று. 2021 டிசெம்பரிற் பருத்தித்துறையில் பெரும்பட்டம் ஏற்றிய குழுவில், ஏனையோர் கயிற்றைக் கைவிட்ட பின்னும் பற்றியிருந்த இளைஞர் ஒருவர் வானில் தூக்கப்பட்டுப் பின் விழுந்து உயிர் தப்பினார். அக்காட்சியை உலகம் வேடிக்கையாகப் பார்த்தது. எப்போது விடுவது என்பதிற் பலர் கைகள் ஒருமிக்காத ஒரு கணம் என்ன செய்யும் என்பதே அதன் பாடம்.

போட்டிகள் இவ்விடரைப் பெருக்குகின்றன. வரிசையாக நிறுத்தப்பட்ட பல கிளைடர்கள், நல்ல காற்று உள்ளபோதே, ஒன்றன்பின் ஒன்றாக ஏற்றப்பட வேண்டும். எல்லோருக்கும் ஏறும் வாய்ப்புக் கிடைத்த பின்னரே பந்தயத் தொடக்கம் திறக்கப்படும். இவ்விதி நீதியானது, ஆனால் ஒருவரின் தாமதம் அனைவரின் தாமதமாவதால் அவசரமும் பிறக்கின்றது. வேகத்துக்காக நீர்ச்சுமை ஏற்றிய கிளைடர்கள் கனக்கின்றன. இழுவிமானி ஒரே நாளில் மீண்டும் மீண்டும் ஏறி இறங்குகிறார். வெற்றிப் பட்டியலில் இடம்பெறுவது போட்டியாளரின் பெயர். அவரை மேலேற்றியவரின் உழைப்பு பெயரற்றது.

எனவே பாதுகாப்பு என்பது தனிமனிதத் திறமை மட்டுமன்று. அது ஓர் உழைப்புறவு. ஏறுமுன் இரு விமானிகளும் சைகைகளை ஒருமுறை வாய்விட்டு ஒப்பிட்டுக்கொள்வதும், ஐயம் எழுந்தால் எவரும் ஏற்றலை நிறுத்தலாம் என்பதும், அதற்காக அவர் மீது குறைகூறாமையும் அவ்வுறவின் அடிப்படைகள். கயிற்றை விடுவிக்கும் பிடி இரு முனைகளிலும் இருத்தல் வெறும் பொறியியல் ஏற்பாடன்று. பிணைக்கப்பட்ட இருவரில் எவரும் மற்றவருக்கு முற்றாக அடிமையல்லர் என்ற கோட்பாட்டின் உலோக வடிவம் அது. இழுப்பவர் களைத்துவிட்டார் என்பதைக் கேட்க மறுக்கும் எந்தக் களத்திலும், அது கடலாயினும் வானாயினும், கயிறு முதலில் அறுவது அங்கேதான்.