கரண்டி இல்லாத பந்தி

திருமலையில் தரிகொண்ட வெங்கமாம்பா அன்னப்பிரசாதக் கூடத்துப் பந்தியில், சாம்பார் வாளியோடு வருபவரின் கையைக் கவனியுங்கள். வாளி நிறைய இருந்தாலும் இலையில் விழுவதென்னவோ கரண்டி மொண்டதுதான். நம் செல்களுக்குள் மெத்தியோனைன் என்ற அமினோ அமிலம் உருவாவதும் இப்படியே.

பரிமாறுபவர், மெத்தியோனைன் சிந்தேஸ் என்ற நொதி. வாளி, ஃபோலேட். அதிலிருப்பது மெத்தில்: ஒரு கார்பன், மூன்று ஹைட்ரஜன். கரண்டி, நடுவில் கோபால்ட் அணு உள்ள வைட்டமின் பி12. காலி இலை, ஹோமோசிஸ்டீன். மெத்தில் விழுந்ததும் இலை மெத்தியோனைன் ஆகிவிடும். டிஎன்ஏ, நரம்புறை என்று கேட்ட இடத்துக்கெல்லாம் அந்த மெத்தில் போய்விட, இலை மறுபடி காலி, மறுசோறு. ஆனால் இலையையே புதிதாகச் செய்ய உடம்புக்குத் தெரியாது, சாப்பாட்டில்தான் வரவேண்டும். அதனால்தான் மெத்தியோனைன் அத்தியாவசிய அமினோ அமிலம்.

கரண்டி செலவாவதில்லை. எப்போதாவது கோபால்ட் ஓர் எலக்ட்ரானை இழந்து முடங்கும். அதைச் சரிசெய்ய இன்னொரு நொதி இருக்கிறது. ஒரு நாளைக்குச் சுமார் 2 மைக்ரோகிராம் பி12 போதும். சோறு, பருப்பு, காய்கறி எதிலும் அது கிடையாது. சைவச் சாப்பாட்டில் பால், தயிர், மோர்தான் கதி.

கரண்டி இல்லையென்றால் வாளிகள் நிரம்பியபடியே நிற்கும். காலி வாளி திரும்பினால்தான் சமையற்கட்டில் டிஎன்ஏ வேலை நடக்கும். அது நின்றால் எலும்பு மஜ்ஜையில் செல்கள் பிரிய முடியாமல் பெருத்துப்போய், ரத்தசோகை வரும். இங்கே ஃபோலிக் அமில மாத்திரை மட்டும் கொடுத்தால் புதுக் காலி வாளிகள் வந்து சேரும், ரத்தம் தேறிவிடும். இலைகளோ காலியாகவே கிடக்கும், நரம்புறைக்கு மெத்தில் போகாது, கால் மரத்துப்போவது நிற்காது. ரத்த ரிப்போர்ட்டைப் பார்த்து ஏமாறுவது இந்த இடத்தில்தான். பி12 அளவையும் பார்த்துவிடுவது நல்லது.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் (சிஎம்சி) ஆல்பர்ட், மாத்தன், பேக்கர் மூவரும் 1980-ல் ‘நேச்சர்’ இதழில் ஒரு வியப்பைப் பதிவு செய்தார்கள்: ஆரோக்கியமான தென்னிந்தியர்களின் சிறுகுடலில் வாழும் சில பாக்டீரியாக்களே பி12 தயாரிக்கின்றன. பெருங்குடலில் உண்டாவது வீண். பி12 உடம்பில் சேர்வது சிறுகுடலின் கடைசிப் பகுதியில். அதற்கு முன்பே உண்டானால் கொஞ்சம் ஒட்டலாம். அதை நம்பி மோரை விட்டுவிட நான் துணியமாட்டேன்.