ஆயிரம் கஜம் தள்ளி ஓர் அந்திப் படம்

ஜூன் மாதத்தில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் சான் ஹுவான் தீவுக்குப் போனால், சூரியன் மறைய இரவு 9 மணி தாண்டிவிடும். அந்த வெளிச்சத்தில் ஓர்க்கா (கொலையாளித் திமிங்கிலம்) மேலே வந்து மூச்சுவிட்டால் நீர்த்திவலைகள் பொன்தூளாக எழும்பும். ஆணின் முதுகுத் துடுப்பு மட்டுமே ஆறடி வரை உயரும். சியாட்டில் பக்கம் வசிக்கும் தமிழர்கள் விடுமுறையில் கேமராவோடு போகிற இடம் இது. போவதற்கு முன் அங்குள்ள சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்.

இந்தக் கடலின் 'தென்பகுதி வாழ்' ஓர்க்காக்கள் ஜே, கே, எல் என மூன்று கூட்டங்கள். மொத்தம் 80-க்கும் குறைவு. 2005-இல் அழியும் நிலையிலுள்ள இனமாக அறிவிக்கப்பட்டன. முக்கிய உணவு சினூக் சால்மன். அதைக் காதால்தான் தேடுகின்றன: ஒலி எழுப்பி, மீனில் பட்டுத் திரும்பும் எதிரொலியைக் கேட்டு. படகு இரைச்சல் அந்த எதிரொலியை மூடிவிடுகிறது. 400 கஜத்துக்குள் படகு வந்தால் பெண் ஓர்க்காக்கள் வேட்டையையே விட்டுவிடுவது ஆய்வில் தெரிந்தது. சால்மன் ஏற்கெனவே குறைந்துபோன கடலில், பால் கொடுக்கும் தாய்க்கு அதனால் போவது ஒரு வேளைச் சோறு.

அதனால்தான் 2025 ஜனவரி 1 முதல் வாஷிங்டன் மாநிலத்தில் இவற்றிடமிருந்து எல்லாப் படகுகளும் 1000 கஜம், அதாவது சுமார் 914 மீட்டர், விலகியிருக்க வேண்டும். துடுப்புப் போடும் கயாக்கும் இதில் அடக்கம். கடற்சிங்கங்களையும் சீல்களையும் வேட்டையாடும் 'பிக்ஸ்' வகை ஓர்க்காக்களுக்கு 200 கஜம். இரண்டையும் துடுப்பின் வடிவம், அதன் பின்னுள்ள சாம்பல் திட்டு ஆகியவற்றால் பிரிப்பார்கள். எதிர்வெயிலில் எல்லாம் கறுத்த நிழலுருதான், திட்டு தெரியாது. ஆகவே அந்தியில் சந்தேகம் வந்தால் 1000 கஜமே கணக்கு.

சுற்றுலாப் படகுக்கும் இதே சட்டம்தான். பணம் கட்டும் முன் எந்த வகை ஓர்க்காவைக் காட்டுவார்கள், எவ்வளவு தூரத்தில் நிற்பார்கள் என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. "இன்னும் கொஞ்சம் கிட்டப் போங்க" என்று படகோட்டியை மட்டும் நெருக்காதீர்கள்.

என்னைக் கேட்டால் படகே வேண்டாம். தீவின் மேற்குக் கரையில் லைம் கில்ன் பாயின்ட் பூங்கா இருக்கிறது; 1919-இல் கட்டிய கலங்கரை விளக்கமும் உண்டு. சில நாள் ஓர்க்காக்கள் பாறையை ஒட்டியே போகும். வராத நாளும் உண்டு, பொறுக்க வேண்டும். ஈரப்பாறை வழுக்கும், கோடையிலும் தண்ணீர் உடம்பை விறைக்க வைக்கும். மாநிலப் பூங்காவில் அனுமதியின்றி ட்ரோன் பறக்கவிடக் கூடாது.

யாராவது படகில் துரத்தினால் பின்தொடராதீர்கள். படகின் பதிவு எண் தெரிய வீடியோ எடுத்து, நேரத்தையும் இடத்தையும் குறித்துக்கொண்டு, கடல்வளங்களைக் கண்காணிக்கும் நோவா அமைப்பின் அமலாக்கப் பிரிவுக்கு 1-800-853-1964 எண்ணில் சொல்லுங்கள்.

உங்கள் அழகுப் படமும் வீணாகாது. 1970-களில் கனடாவின் மைக்கேல் பிக், துடுப்பின் வெட்டுகளையும் திட்டையும் புகைப்படத்தில் பார்த்தே ஒவ்வோர் ஓர்க்காவையும் அடையாளம் கண்டார். அந்த வெட்டுகள் நிழலுருவிலும் தெரியும். ஆய்வாளர்கள் பெரும்பாலும் இடப்பக்கப் படத்தையே தேடுவார்கள். லைம் கில்ன் பாறையில் நின்றால், தெற்கே, உங்கள் இடக்கைப் பக்கமாகப் போகிற ஓர்க்காதான் அந்தப் பக்கத்தைக் காட்டும்.